உப்புப் போட்ட ஐஸ்

கோட்டைக்குப்பத்தில் சாமியைச் சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. அரசாங்கத்தைச் சந்தேகப்படுகிறவர்கள் எக்கச்சக்கம். ஐஸைச் சந்தேகப்படுகிற ஆள் ஒருவர்கூடக் கிடையாது. அதிலும் என் அக்காவின் புருஷன், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், ஐஸுக்காகச் சண்டைக்கே போவார். அவருடைய ஃபைபர் படகில் டீசல் கேன் ஏறுவதற்கு முன்னால் ஐஸ் பெட்டி ஏறிவிடும். ஏலம் விடும் இடத்தில் மற்றவர்களின் மீனைச் செவுள் தூக்கிப் பார்த்து மூக்கைச் சுளிக்கும் வியாபாரிகள், மாமாவின் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் தூக்கிக்கொண்டு போவார்கள். அந்த வித்தையை அவர் யாரிடமும் ஒளித்ததில்லை. தூள் ஐஸ் ஓர் அடுக்கு, அதன்மேல் கை நிறையக் கல்லுப்பு, மறுபடியும் ஐஸ். உப்புப் பட்டால் ஐஸ் கரையத்தான் செய்யும். ஆனால் அப்படிக் கரைகிற உப்புத் தண்ணீர் வெறும் ஐஸைவிட அதிகமாகக் குளிர்ந்துபோகும். அது ஏன் என்று ஒருநாள் விளக்கப் போனேன்.

"காரணம் உனுக்கு, மீனு எனுக்கு" என்று சொல்லிவிட்டுப் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டார்.

நான் பார்க்கிற வேலையையும் அவர் அப்படித்தான் ஓரமாக வைத்துவிட்டார். அமினோ அமிலங்களைக் கோர்த்துப் பெப்டைடு செய்யும் சின்ன லேப் ஒன்றில் வேலை செய்கிறேன். மீஞ்சூரில் ஓர் அறை எடுத்துத் தங்கி, வார நாட்களில் அங்கிருந்து ரயில் பிடித்துப் போவேன். சனிக்கிழமை சாயங்காலம் பொன்னேரி வந்து, பழவேற்காடு பஸ்ஸில் ஏறி, குப்பத்துக்கு வந்துவிடுவேன். நைனாவும் அம்மாவும் போன பிறகு அக்கா வீடுதான் என் வீடு. குப்பத்தில் என்னை "மாத்திர கம்பெனிப் பொண்ணு" என்பார்கள். நானும் திருத்துவதில்லை. இல்லாததைச் சொல்லிவிடவில்லை, போகட்டும்.

எங்கள் லேபில் நடப்பது கோர்க்கிற வேலைதான். மணலைவிடப் பொடியான பிசின் மணிகள் ஒரு கண்ணாடிக் குழாயில் கிடக்கும். அந்த மணியில் முதல் அமினோ அமிலத்தை ஒட்ட வைப்போம். அதன் முதுகில் இரண்டாவது, அதன் முதுகில் மூன்றாவது என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போவோம். ஒவ்வொன்று சேர்ந்த பிறகும் கழுவ வேண்டும். ஒட்டாமல் நின்றதெல்லாம் கழுவும் திரவத்தோடு போய்விடும். சேர வேண்டியது சேர்ந்ததா என்று நிறம் மாறுவதை வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று விட்டுப்போனால் கடைசியில் கிடைக்கிற சங்கிலி வேறு பொருள். பார்க்க ஒரே மாதிரி வெள்ளைப் பொடிதான், ஆனால் எதற்கும் உதவாது. இந்த வேலைக்குப் பொறுமைசாலிகள்தான் வேண்டும் என்று நேர்முகத் தேர்வில் சொன்னார்கள். எனக்குப் பொறுமை கிடையாது, பிடிவாதம் உண்டு என்று சொன்னேன். சேர்த்துக்கொண்டார்கள்.

அக்காவுக்குச் சர்க்கரை வந்து சில வருஷம் ஆகிறது. மாத்திரையில் ஓடிக்கொண்டிருந்தது. போன மழைக்காலம் முடிந்த சமயத்தில், கரையில் மீன் பிரித்துக்கொண்டிருந்தவளின் வலது கால் கட்டைவிரலில் கெளுத்தி முள் ஏறிவிட்டது. கெளுத்தி முள் ஏறாத கால் எங்கள் ஊரில் ஏது? பிடுங்கிப் போட்டுவிட்டு, சுடுதண்ணீரில் காலை முக்கிவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மற்றவர்களுக்கு ஆறுகிற புண் அவளுக்கு ஆறவில்லை. விரல் கறுத்து வீங்கியது. பொன்னேரி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பார்த்துவிட்டு, மாத்திரையை நிறுத்தி இன்சுலின் ஊசி எழுதிக் கொடுத்தார்.

"சர்க்கரை இறங்கினா புண்ணு தானா ஆறும். இறங்கலைன்னா விரலை எடுக்க வேண்டி வரும். அதுக்கு மேல ஏறுச்சுன்னா பாதம்." சுற்றி வளைக்காமல் சொன்னார்.

அக்கா அழவில்லை. வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு, தன் கால் விரல்களையே பார்த்தாள். அவள் தலையில் மீன் கூடையை வைத்து மணலில் நடக்கிறவள். கட்டைவிரலை மணலில் ஊன்றித்தான் அந்தப் பாரத்தைத் தூக்கி எழுந்திருக்க வேண்டும். அந்த விரல் போனால் அவள் வீட்டில் உட்கார வேண்டியதுதான். வீட்டில் உட்கார்ந்த அக்காவை என்னால் கற்பனைகூடப் பண்ண முடியவில்லை.

"வெரல் போனா நான் போன மாதிரிடி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை நானே ஊசி போடக் கற்றுக்கொடுத்தேன். அக்கா சுலபமாகக் கற்றுக்கொண்டாள். மீனை அறுக்கிற கைக்கு ஊசி ஒரு பொருட்டா? ஆனால் அவளுக்கு ஒரு கோபம் இருந்தது.

"இன்னாடி இது அநியாயம்? ஜொரத்துக்கு மாத்திர, தலவலிக்கு மாத்திர. இதுக்கு மட்டும் இன்னாத்துக்கு ஊசி? இதயும் மாத்திரையா செஞ்சா இன்னா கொறஞ்சிடும்?"

"செஞ்சா வயிறு அறுத்துடும்க்கா. இது சங்கிலி."

"இன்னா சங்கிலி?"

எனக்கு இந்தக் கேள்விதான் வேண்டியிருந்தது. இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. மாமா வாசலில் உட்கார்ந்து, கிழிந்த வலையைக் கால் விரலில் மாட்டி இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். அவரும் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

"அமினோ அமிலம்னு ஒண்ணு கீது. அது ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு கைன்னு வெச்சிக்கோ. இடது கை ஒரு மாதிரி, வலது கை வேற மாதிரி. ஒண்ணோட வலது கை இன்னொண்ணோட இடது கையத்தான் புடிக்கும். ரெண்டு வலது கை புடிச்சுக்காது. இப்பிடியே வரிசயா கோத்துக்குனு நின்னா அதான் பெப்டைடு. ரொம்ப நீளமாப் போனா புரதம்."

"அப்ப ரெண்டு ஓரத்துல நிக்கிறவங்களுக்கு ஒரு கை சும்மா கீதே?"

இதைப் பாடப் புத்தகத்தில் படித்தபோது எனக்குத் தோன்றியதில்லை, அவளுக்கு உடனே தோன்றிவிட்டது. பெருமையாக இருந்தது. "ஆமாக்கா. ஒரு ஓரத்துல இடது கை சும்மா, இன்னொரு ஓரத்துல வலது கை சும்மா. அத வெச்சுத்தான் எந்தப் பக்கம் தல, எந்தப் பக்கம் வாலுன்னு நாங்க சொல்றது."

லேபில் நாங்கள் அந்தக் கைகளில் ஒன்றை மூடி வைத்துத்தான் உள்ளே அனுப்புவோம் என்றும் சொன்னேன். இரண்டு கையும் திறந்திருந்தால் கண்டபடி பிடித்துக்கொள்ளும், வரிசை கெட்டுவிடும். ஒரு கைக்கு உறை போட்டு, மற்றக் கையை மட்டும் பிடிக்க விட்டு, பிடித்த பிறகு உறையைக் கழற்றி, அடுத்த ஆளை அனுப்ப வேண்டும்.

"கை புடிக்கறப்ப ஒரு துளி தண்ணி வெளிய பூடும். அந்தத் தண்ணி போனாத்தான் புடி கெட்டி. வயிறு இன்னா பண்ணும்னா, அந்தத் தண்ணிய திரும்பக் குடுத்துக் கைய வுட வெச்சிடும். அதான் செரிக்கறதுன்றது. மீனு, எறா, நண்டு எல்லாம் இந்தச் சங்கிலிதான். நீ துன்னா வயிறு அத உதிரி உதிரியா ஆக்கும். இன்சுலினும் அதே ஜாதி சங்கிலி. வாயில போட்டா வயிறு அதயும் மீனுன்னு நெனச்சு அறுத்துடும். அதனாலதான் ஊசி."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மீனா! என் தொடையில நான் மீனு குத்திக்கிறனா?"

வாசலிலிருந்து மாமா தலை தூக்கினார். "அப்ப அந்த மருந்தும் மீனுதான்ற?"

"வயித்துக்கு அப்பிடித்தான் மாமா."

"உம்" என்றார். ஏதோ தீர்மானத்துக்கு வந்தவர் மாதிரி முடிச்சை இழுத்து இறுக்கினார். அவர் வேடிக்கையாகக் கேட்கிறார் என்று நான் நினைத்தேன். வேடிக்கை பண்ணுகிற ஆளே கிடையாது அவர்.

அதற்குப் பிறகு வந்த வாரங்கள் நன்றாக இல்லை. அக்கா காலையிலும் ராத்திரியிலும் தவறாமல் ஊசி போட்டாள். சோறைக் குறைத்தாள். கேழ்வரகுக் கூழும் கீரையும் மீனும்தான் சாப்பாடு. புண்ணை அவளே கொதிக்க வைத்து ஆறிய உப்பில்லாத நீரில் கழுவினாள். முதல் தடவை பார்த்தபோது சர்க்கரை ஏறியிருந்தது. டாக்டரம்மா ஊசியின் அளவைக் கூட்டினார். அடுத்த தடவையும் ஏறியிருந்தது. மறுபடியும் கூட்டினார். மூன்றாவது தடவை அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தார்.

"உண்மையைச் சொல்லுங்க. ஊசி போடறீங்களா, இல்லையா?"

"போடறேம்மா."

"அப்ப என்ன சாப்பிடறீங்க? மறைச்சு ஏதாவது?"

அக்காவுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டதாம். அவள் பதில் சொல்வதற்குள் பக்கத்தில் நின்ற மாமா, "நானும் கேட்டுக்குனேதான் கீறேன்மா, சொல்ல மாட்டேன்றா" என்றாராம். இதை அக்கா என்னிடம் சொன்னபோது அவள் குரல் உயிரே இல்லாமல் இருந்தது. டாக்டர் சந்தேகப்பட்டதை அவள் மன்னித்துவிட்டாள். டாக்டருக்கு அவளைத் தெரியாது. கூட வாழ்கிறவன் சந்தேகப்பட்டதை அவளால் தாங்க முடியவில்லை.

மாமா சும்மாவும் இருக்கவில்லை. சமையலறையில் இருந்த சர்க்கரை டப்பாவையும் வெல்லத்தையும் எடுத்துப் போய், என்ஜின் சாமான் வைக்கும் இரும்புப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார். பக்கத்து வீட்டில் வளைகாப்பு நடந்தபோது, "இவளுக்கு ஒண்ணும் குடுக்காதீங்க" என்று எல்லார் எதிரிலும் சொன்னார். அக்கா பாதியில் எழுந்து வந்துவிட்டாள். நான் அந்தச் சனிக்கிழமை வீட்டுக்குள் நுழைந்தபோது இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மாமா வெளியே, அக்கா உள்ளே. விரல் இன்னும் கறுப்பு. அடுத்த வாரம் வரச் சொல்லியிருந்தார்கள். அன்றைக்கும் சர்க்கரை இறங்கியிருக்காவிட்டால் அறுவைக்குத் தேதி குறிப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

"ஏண்டி, நான் தூக்கத்துல ஏதாச்சும் எடுத்துத் துன்றனா?" என்று அக்கா கேட்டாள். உண்மையாகவே கேட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இந்தக் கேள்வியைக் கேட்க வைத்துவிட்டார்களே என்ற கோபம்.

எனக்கு அக்காவைத் தெரியும். அவள் பொய் சொல்ல மாட்டாள். சொன்னால் அன்றே மாட்டிக்கொள்வாள், முகம் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே அவள் ஊசி போடுகிறாள், இனிப்புத் தின்னவில்லை, இரண்டும் நிச்சயம். மீதி இருப்பது மருந்து.

இப்படி யோசிப்பதற்கு எனக்குப் பழக்கம் உண்டு. எங்கள் லேபில் ஒரு சமயம் எந்தச் சங்கிலியும் ஒழுங்காகக் கோர்க்காமல் போனது. கூட வேலை செய்த பையன்மேல்தான் எல்லாருக்கும் சந்தேகம், அளவு தப்பாக எடுக்கிறான் என்று. எனக்கு அவன்மேல் சந்தேகம் வரவில்லை, பாட்டில்மேல் வந்தது. கையைப் பிடிக்க வைப்பதற்கென்று ஒரு பொருள் போடுவோம். அதன் மூடி சரியாக மூடாமல், காற்றின் ஈரம் உள்ளே போயிருந்தது. தண்ணீர் வெளியேறினால்தான் பிணைப்பு உண்டாகும். அந்த வேலைக்கு வருகிற பொருளே தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தால் எப்படி உண்டாகும்? புது பாட்டில் திறந்தவுடன் எல்லாம் சரியாகிவிட்டது. அன்றிலிருந்து எது தப்பினாலும் நான் முதலில் ஆளைப் பார்ப்பதில்லை.

ஞாயிறு காலை, ஊசி போடுகிற நேரம். சொல்லிக்கொடுத்த நாளுக்குப் பிறகு நான் குப்பியைக் கையில் வாங்கிப் பார்த்ததே இல்லை. "மருந்தை எடுத்துனு வா" என்றேன்.

அக்கா எழுந்திருக்கவில்லை. "அது அவருகிட்டதான் கீது. எனுக்கு எடுத்துக் குடுப்பாரு, போட்டுக்குனு திருப்பிக் குடுத்துடுவேன்."

வாசலுக்குப் போனேன். மாமா எழுந்து, வீட்டின் பின்பக்கம் நிழலில் இருந்த ஐஸ் பெட்டியிடம் போனார். படகுப் பெட்டி இல்லை, வீட்டுக்கென்று தனியாக வைத்திருந்த சின்னப் பெட்டி. மூடியைத் திறந்தார். தூள் ஐஸ் நிரம்பியிருந்தது. அதன்மேல் கல்லுப்பு வெள்ளையாக மின்னியது. மாமா முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்து மருந்துக் குப்பியை எடுத்துத் துடைத்து, மரியாதையாக என் கையில் வைத்தார்.

குப்பியைப் பிடித்தவுடன் விரல் நோவெடுத்தது. அவ்வளவு குளிர்ச்சி. உள்ளே பாதி உறைந்திருந்தது. அது கரையும் வரை உள்ளங்கையில் வைத்து உருட்டினேன். இந்த வகை இன்சுலின் உருட்டினால் பால் மாதிரி ஒரே சீராகக் கலங்க வேண்டும். இது கலங்கவில்லை. கண்ணாடியில் பொடிப்பொடியாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. வெளிச்சத்தில் பிடித்தேன். திரிதிரியாகக் கட்டிகள் மிதந்தன.

"மாமா, எப்பலேர்ந்து இதுக்குள்ள வெக்கிற?"

"நீ ஊசி போட சொல்லிக் குடுத்தியே, அன்னிலேர்ந்து. குளிர்ச்சியா வெக்கணும்னு டாக்டரம்மா சொன்னாங்க இல்ல? நம்ம ஃபிரிட்ஜ் உப்புக்காத்துல துருப் புடிச்சு மூடவே மாட்டேன்னுது. கரண்டு போனா அது வெறும் பீரோ. நீயும்தான் சொன்ன, அதுவும் மீனு ஜாதின்னு. மீனு கெடக் கூடாதுன்னா எப்பிடி வெக்கணும்னு எனுக்குத் தெரியாதா? ஒரு நாளு உப்பு கொறஞ்சதில்ல. கடலுக்குப் போற நாள்லகூட ஐஸ் மாத்திட்டுத்தான் போவேன்."

பாடம் எடுத்தது நான். அதை மீன்காரர் காதால் கேட்டது அவர். தலையில் கை வைத்துக்கொள்வதா, சிரிப்பதா என்று தெரியவில்லை. பெண்டாட்டியைத் திருடி மாதிரி நடத்திய அதே மனுஷன், அவள் மருந்துக்கு ஒருநாள்கூட ஐஸ் குறையாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த ஐஸ்தான் மருந்தைக் கெடுத்திருக்கிறது.

"உறைஞ்சு போச்சு மாமா. மருந்து செத்துப் போச்சு. அக்கா இத்தன நாளா வெறும் தண்ணியத்தான் குத்திக்குனு கீறா."

அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். மாமாவுக்குப் புரியவில்லை. அவருடைய வாழ்க்கையில் ஐஸ் எதையும் கெடுத்ததில்லை.

"ஐஸ்ல எப்பிடி கெடும்? சங்கிலி அறுந்துடுமா?"

நல்ல கேள்வி. எங்கள் லேபிலும் சில பெப்டைடுகள் இப்படித் திரண்டுபோகும். எடை பார்க்கும் கருவியில் போட்டால் சங்கிலியில் ஒரு கண்ணிகூடக் குறைந்திருக்காது. எல்லா அமினோ அமிலமும் பக்கத்து ஆளின் கையைப் பிடித்தபடிதான் இருக்கும். ஆனால் வேலை செய்யாது. அந்தப் பிணைப்பை அறுக்க வயிற்றால் முடியும், அமிலத்தில் வைத்துக் கொதிக்கவிட்டால் முடியும். ஐஸுக்கு அந்தப் பலம் இல்லை. சங்கிலி எந்த வடிவத்தில் மடிந்து நிற்க வேண்டுமோ, ஐஸ் அந்த வடிவத்தைத்தான் குலைக்கிறது. குலைந்த சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கிக் கட்டியாகிவிடும். இதை அவருக்கு எப்படிச் சொல்வது? கயிற்றில் தொங்கிய அவருடைய வலை கண்ணில் பட்டது.

"மாமா, உன் வலைய எடுத்துக்க. ஒரு முடிச்சுகூட அவுறல. நூலு அறல. ஆனா மொத்தமா சுருண்டு பந்தாயிடுச்சு, பிரிக்க வராது. தண்ணில போட்டா மீனு வுழுமா?"

"எப்பிடி வுழும்? விரிஞ்சாத்தானே வலை."

"அதான். முடிச்சு எல்லாம் அப்பிடியே கீது. விரியல."

மாமா குப்பியை என் கையிலிருந்து வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். மீனின் கண்ணைப் பார்க்கிற மாதிரி நெடுநேரம் பார்த்தார். பிறகு அக்கா பக்கம் திரும்பினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா உள்ளே போய்விட்டாள்.

அவர் ஐஸ் பெட்டியை அப்படியே மணலில் கவிழ்த்தார். உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு பழவேற்காட்டுக்குப் போய், மருந்துக் கடையில் அதே மருந்தில் புதுக் குப்பி வாங்கி வந்தார். கடைக்காரர் குளிர்ப்பையில் போட்டுக் கொடுத்திருந்தார். மாமா அந்தப் பையை ஒரு கையால் மார்போடு பிடித்தபடி, மறு கையால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார். குலுங்கக் கூடாதாம். இந்தத் தடவை நானே குப்பியை உருட்டிப் பார்த்தேன். பால் மாதிரி கலங்கியது. ஒரு கட்டி இல்லை.

அக்கா ஊசியை எடுத்தாள். வழக்கமான அளவுக்கு மருந்தை இழுத்தாள். தொடையைக் கிள்ளிப் பிடித்தாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"போடாதே!"

நான் கத்திய கத்தலில் அவள் ஊசியைக் கீழே போட்டுவிட்டாள். அந்த அளவு, செத்த மருந்தை வைத்துக் கூட்டிக் கூட்டி வந்த அளவு. உயிருள்ள மருந்தை அவ்வளவு ஏற்றினால் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கி, அக்கா மயங்கி விழுந்திருப்பாள். ஒரு விரலைக் காப்பாற்றப் போய் ஆளையே பறிகொடுத்திருப்போம். இன்றைக்கும் அந்த ஊசியில் இருந்த அளவு எனக்கு மறக்கவில்லை. பயம் என்று நான் ஒத்துக்கொள்வது வாழ்க்கையில் அந்த ஒன்றைத்தான்.

மூன்று பேரும் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமை ஆனாலும் அந்த டாக்டரம்மா வார்டில் இருந்தார். பழைய குப்பியையும் புதிய குப்பியையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் இரண்டையும் உருட்டிப் பார்த்தார். என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அக்காவைப் பார்த்து, "நான் உங்ககிட்ட அப்படிக் கேட்டிருக்கக் கூடாதும்மா" என்றார். பிறகு அளவைப் பழையபடி குறைத்து எழுதி, சில நாள் அங்கேயே தங்கச் சொன்னார், பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்வதற்காக. டாக்டர் ஒருவர் அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டதை மாமாவால் சொல்ல முடியவில்லை. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சர்க்கரை இறங்கியது. மறுநாளே இறங்கத் தொடங்கியது. நான் லீவு போட்டுவிட்டுக் கூடவே இருந்தேன். ஒவ்வொரு முறை விரலில் குத்திப் பார்க்கும்போதும் அக்கா அந்தக் கருவியின் சின்னத் திரையை, ஏலத்தில் கடைசி விலையைக் கேட்கிற மாதிரி கவனித்தாள். வீட்டில் மருந்தை எங்கே வைப்பது என்ற கேள்விக்கும் வழி கிடைத்தது. ஈர மணல் நிரப்பிய பெரிய மண்சட்டி, அதற்குள் மூடி போட்ட சின்னச் சட்டி, அதற்குள் குப்பி. ஐஸ் கிடையாது, கரண்டும் வேண்டாம். மாமாவே மணலை ஏரிக்கரையிலிருந்து கொண்டுவந்து, நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவிக் கழுவி நிரப்பினார். சர்க்கரை டப்பாவும் வெல்லமும் இரும்புப் பெட்டியிலிருந்து சமையலறைப் பலகைக்குத் திரும்பி வந்தன. அவர் வைத்துவிட்டுப் போனதை அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டில் சோறு போட்டாள், துணி துவைத்துப் போட்டாள், பேசவில்லை.

நான் இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்து சமாதானம் பண்ணவில்லை. பண்ணியிருந்தால் அக்கா என்னையும் சேர்த்துத் தள்ளி வைத்திருப்பாள். கோர்க்கிற வேலை எனக்குத் தெரியும்தான். ஆனால் குழாய்க்குள் இருக்கிறதை மட்டும்தான்.

புண் மெல்ல மெல்ல ஆறியது. கறுப்பு பழுப்பாகி, பழுப்பு சிவப்பாகி, புதுத் தோல் வந்தது. நகம் போய்விட்டது. விரல் நின்றது. கட்டைப் பிரித்த அன்றைக்கு நானும் போயிருந்தேன். டாக்டரம்மா விரலை அமுக்கிப் பார்த்து, "இனி கூடை தூக்கலாம். செருப்புப் போட்டுக்கிட்டுத் தூக்குங்க" என்றார். செருப்பா என்று அக்கா முகத்தைச் சுளித்தாள். அந்தச் சுளிப்பைப் பார்த்துத்தான் அவள் பிழைத்துவிட்டாள் என்று நான் நம்பினேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மிட்டாய்க் கடை. எண்ணெய்ச் சட்டியில் ஜிலேபி சுற்றிக்கொண்டிருந்தார்கள். அக்கா நின்றாள். அத்தனை வாரம் கழித்து முதல் தடவையாக மாமாவிடம் நேராகப் பேசினாள்.

"போயி ரெண்டு ஜிலேபி வாங்கினு வா."

மாமா என்னைப் பார்த்தார். நான் பஸ் போர்டைப் படித்தேன். அவர் போய் வாங்கிக்கொண்டு வந்தார், காகிதத்தில் சுற்றி, பாகு ஒழுக. அக்கா அதை வாங்கிப் பிரித்தாள். மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் ஒரு தடவை மோந்து பார்த்தாள். பிறகு மாமாவின் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"துன்னு."

"நானா?"

"நீதான். என் எதிருல, ரெண்டும்."

மாமா தின்னத் தொடங்கினார். பெரிய கையில் அந்த ஜிலேபி சின்னதாக இருந்தது. பாகு தாடியில் ஒழுகியது. பஸ்ஸுக்கு நின்ற ஜனம் பார்த்தது. இரண்டாவதைப் பாதி தின்றபோது மெல்லுவதை நிறுத்தினார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, அதைத் துடைக்க அவருக்குச் சுத்தமான கை இல்லை.

அக்கா அவர் கடைசித் துண்டு தின்று முடிக்கும் வரை காத்திருந்தாள். பிறகு முந்தானையால் அவர் தாடியைத் துடைத்தாள்.

"இப்பத்தான்யா இந்த மூணு மாசத்துல ஜிலேபிய நான் கிட்ட பாக்கறேன்" என்றாள்.

பஸ் வந்தது. அக்கா வலது காலைப் படியில் வைத்து, கட்டைவிரலை ஊன்றி, எங்கள் இருவர் கையையும் தொடாமல் ஏறிக்கொண்டாள்.